காத்திருப்பவர்களையும் எண்ணுங்கள்

தகவல் தொழில்நுட்ப நிறுவனமான டிசிஎஸ், 2025-26 நிதியாண்டில் 12,000க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பப்போவதாக 2025இல் அறிவித்தது. அந்தச் செய்தியைவிட, 'இரண்டு சதவீதம்தானே' என்று அதைக் கடந்துபோன பேச்சுதான் அப்போது என்னை எரிச்சல்படுத்தியது. ஆள்குறைப்பில் போகிறவர்களை மட்டும் எண்ணுகிற வழக்கம் தவறு. யார் யார் என்று தெரியாதவரை, அப்போது அங்கே வேலை பார்த்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லோருமே அந்தப் பட்டியலில்தான் இருந்தார்கள். ஆண்டுக்கு 35 நாளுக்கு மேல் பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல், இருக்கக் கூடாது என்ற விதி வேறு வந்திருந்தது. கையிலிருக்கும் புராஜெக்ட் முடியும் தேதியே பயம் தந்தது.

இந்தப் பயம் உடம்பில் இறங்குகிறது. லண்டனில் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவந்தது 'வைட்ஹால் 2' ஆய்வு. அவர்களில் ஒரு துறையினருக்கு மட்டும் தனியார்மயம் வரப்போவது தெரியவந்தது. மாற்றம் வருவதற்கு முன்பே, வெறும் எதிர்பார்ப்பிலேயே, அத்துறை ஆண்கள் தங்கள் உடல்நலம் பற்றிச் சொன்ன கணிப்பு மற்றவர்களுடையதைவிட மோசமடைந்ததாக 1995இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஏன் இப்படி என்று யோசிக்கும்போதெல்லாம் மரியந்தால் என்ற ஊரைப் பற்றிய, எனக்குப் பிரியமான புத்தகத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. வியன்னாவுக்கு அருகிலுள்ள அந்த ஊரின் துணியாலை, பெருமந்தத்தின்போது மூடப்பட்டது. மரி யஹோடாவும் லாசார்ஸ்பெல்டும் சைசெலும் 1933இல் வெளியிட்ட அந்நூலில் நூலகக் கணக்கு ஒன்று வருகிறது. ஆலை மூடியபின் ஊரில் எல்லோருக்கும் நேரம் இருந்தது, நூலகக் கட்டணமும் எடுக்கப்பட்டது. ஆனாலும் இரவல் போன புத்தகங்கள் 1929க்கும் 1931க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. தெருவில் ஆண்களின் நடைகூடத் தளர்ந்தது. நடுவழியில் நின்று நின்று போனார்கள். நாளை என்ன என்று தெரியாதவருக்கு இன்றைய பொழுதும் பயன்படுவதில்லை. அங்கே வேலை போயிருந்தது, இங்கே போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கடனைத் தள்ளிவைப்பவர், பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்கத் தயங்குபவர், கல்யாணப் பேச்சை ஒத்திப்போடுபவர் எல்லோரும் சம்பளம் வாங்கிக்கொண்டே நாளையை இழந்தவர்கள்.

பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பார்கள். பயந்தவர் செய்வது பெரும்பாலும் தலை தப்பும் வேலை: தவறை மறைப்பார், தெரிந்ததைச் சக ஊழியருக்குச் சொல்லித்தர மாட்டார். எந்த நிறுவனமும் ஆயுளுக்கும் வேலை தர முடியாது என்பது இதைவிட வலுவான வாதம். அதை நான் ஏற்கிறேன். டென்மார்க்கில் ஆளை எடுப்பதும் நீக்குவதும் எளிது. ஆனால் வேலை போனவருக்குக் காப்பீட்டுத் தொகையும் மறுபயிற்சியும் உண்டு. ஆகவே கேட்பது நிரந்தர வேலையை அல்ல. யார், எப்போது, எவ்வளவு இழப்பீட்டோடு என்பதை அறிவிக்கும் அன்றே சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க எல்லோரையும் காக்கவைத்துச் சிலரை மட்டும் அனுப்புவது, அனுப்பப்படாதவர்களுக்கும் செய்யும் தீங்கு. அதற்கும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும்.