இடனறிதலும் சூதும்

குன்னத்தூர்ச் சந்தையிலே, பிறர் விலை கூறக் கேட்டுப் பின்னர்ப் பேசுவோன் எளிதில் ஏமாறாமையை யாம் கண்டுளோம். போக்கர் என்னுஞ் சீட்டாட்டத்தும் இதுவே நெறி. சீட்டுப் பகிர்வோனுக்குரிய குறி ஆட்டந்தோறும் அடுத்தவரிடம் பெயரும். அக்குறியுடையோன் பின்சுற்றுக்களில் ஏனையோர் செயலைக் கண்டு, இறுதியில் முடிவு செய்வான். ஆகவே, முதலிடத்தில் விலக்கத்தக்க சீட்டே கடையிடத்தில் ஆடத்தக்கதாகும்.

இது திறமையே; 2023-இல் சென்னை உயர்நீதிமன்றமும் போக்கரைத் திறமையாட்டமென்றே கொண்டது. ஆயினும், சந்தையில் இருவரும் பயன்பெற்று மீள்வர். சூதிலோ ஒருவன் பெறுவதெல்லாம் மற்றவன் இழந்ததே. எனவே, பணம்வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025-இல் இந்திய அரசு சட்டத்தால் தடுத்தது தக்கதென்பதே எம் கருத்து.

வள்ளுவனார் 50-ஆம் அதிகாரத்தில் இடனறிதலைக் கற்பித்து, 94-ஆம் அதிகாரத்திற் சூதைக் கடிந்தனர். கடையிடத்தில் அமருமாறு பணித்த நம் ஆண்டவரும், பிறரை வெல்லுதற்பொருட்டு அதனைக் கூறினாரல்லர்.