கொறங்காடு சும்மா கிடக்கிற நிலமா?

நம் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் ‘காடு’ என்றுதான் சொல்வோம். “காட்டுக்குப் போயிட்டு வர்றேனுங்க” என்று ஒருவர் சொன்னால், புலி பார்க்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடுகள் நிஜமாகவே காடுகள்தான். வனத்துறைக் காடல்ல, நம் பேரில் பட்டா உள்ள காடு.

சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை பெய்தால் புல் தழையும். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. 2017-ல் நாட்டு மாட்டைக் காப்போம் என்று ஊர் ஊராக நின்றோம். அந்த மாடு மேய்கிற இடத்தைக் காக்க எத்தனை பேர் நின்றோம்?

இந்த நிலத்தைத்தான் “சும்மா கிடக்குது” என்கிறார்கள். யாருக்குச் சும்மா? கௌதாரி, ஆட்காட்டி, வானம்பாடி எல்லாம் மரத்தில் கூடு கட்டுகிற ஜாதியல்ல. தரையில், புல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் முட்டையிடுபவை. கிளுவை வேலிக்குள் செம்போத்தும் தவிட்டுக்குருவியும் இருக்கும். அடியில் முயல், கீரி, ஓணான் ஒதுங்கும். மேலே பிரண்டையும் கோவையும் படரும். அதைப் பொக்லைன் விட்டுப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறோம். கம்பி வேலியில் எந்தக் குருவி கூடு கட்டும்?

“தெருநாய் ஆட்டைக் கடிச்சுக் கொல்லுது, கம்பி போடாம என்னங்க பண்றது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டியில் ஆடு செத்துக் கிடப்பதைப் பார்த்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். கம்பி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளுவைக்கு உட்புறமாகப் போடுங்கள். கிளுவையை எதற்குப் பிடுங்க வேண்டும்? இடைவெளி விழுந்த இடத்தில் மழைக்கு முன்னால் நாலு போத்து வெட்டி ஊன்றினால் தானாகத் துளிர்த்துக்கொள்ளும். செலவு ஒரு ஆள் கூலிதான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பசுமை செய்கிறோம் என்று கொறங்காட்டில் வரிசையாகக் குழி எடுத்து மரக்கன்று நடுகிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் இடம் தப்பு. நிழல் அடர்ந்தால் புல் போய்விடும். புல் போனால் மாடும் இல்லை, கௌதாரியும் இல்லை. மரம் நட ரோட்டோரமும் பள்ளிக்கூட வளாகமும் இருக்கின்றன.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. திருப்பூர் நஞ்சராயன் குளத்தை 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சந்தோஷம். ஆனால் அது பொதுக் குளம். நம் பட்டா நிலத்தை அப்படி யார் வந்து அறிவிப்பார்கள்? தேசிய தரிசு நில வரைபட ஏட்டில் புதர் நிலமே தரிசுக் கணக்கில்தான் வருகிறது. நாமும் அதைத் தரிசு என்றே பேசினால், சைட் போடுகிறவன் வந்து விலை கேட்கத்தான் செய்வான்.

பணம் தேவைப்படுகிறவர் விற்பதை நான் குறை சொல்லவில்லை. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் எனக்கும் தெரியும். தேவையே இல்லாமல், “பையன் வெளியூர்ல இருக்கான், இதை வெச்சுட்டு என்ன பண்றது” என்று விற்பவர்களிடம்தான் கேட்கிறேன். மேய்ச்சலுக்குக் குத்தகை கேட்க ஆடு மாடு வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வருமானம் கொஞ்சம்தான், ஆனால் நிலம் நிலமாக இருக்கும்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். பட்டா இன்னும் நம் பேரில்தான் இருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒருநாள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடிகாலையில் காட்டைச் சுற்றி வாருங்கள். கௌதாரி கூப்பிடுவதை அவர்கள் காதால் கேட்கட்டும். அப்புறம் முடிவு பண்ணுங்கள்.