காலனி டீம் என்று கூப்பிடாதீர்கள்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் வாரம், தட்டாஞ்சாவடியில் எங்களுக்கு ஆட்ட வாரம். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் மணி ஏழரை. சென்னை ஆடும் நாளென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் கூடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டென்னிஸ் பந்துப் போட்டி. ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். காலையில் சிலைக்கு மாலை, மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு, சாயங்காலம் பரிசளிப்பு. அக்கா, மாமா, பேரப்பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் சேர்ந்து உட்காருவது வருடத்தில் இந்த ஒரு வாரம்தான்.

'படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு கிரிக்கெட் எதற்கு?' என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். உழைத்துக் களைத்தவர்களுக்கு விளையாட்டும் உரிமைதான். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மைதானத்தில் நம்மை என்னவாகப் பார்க்கிறார்கள்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் பையன்கள் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போனார்கள். நுழைவுக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். மைக் பிடித்தவர் மற்ற அணிகளை அவரவர் வைத்த பெயரில் அழைத்தார். எங்களை மட்டும் கடைசிவரை 'காலனி டீம்' என்றே அழைத்தார். ஆட்டத்தில் ஜெயித்தோம். திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

இது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை. தீண்டப்படாத சாதியில் 1876இல் பிறந்த பல்வாங்கர் பாலு, பூனாவில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்துகொண்டே ஆங்கிலேயர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசிப் பழகியவர். அவர் எடுத்துக் கொடுக்கும் விக்கெட் இந்துக்களுக்கு வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் மட்டும் சக வீரர்கள் உள்ளே, அவர் வெளியே, கையில் தனி மண்குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அப்படியும் இந்துக்கள் அணி அவரைத் தலைவராக்கவில்லை. சகோதரர்கள் எதிர்த்து நின்ற பிறகே, 1923இல் தம்பி விட்டலுக்கு அந்தப் பொறுப்பு வந்தது. பாலு பின்னாளில் 1937 தேர்தலில் அண்ணலையே எதிர்த்து நின்று தோற்றார். அந்த அரசியலில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த மண்குவளை நம்முடையது.

பழைய கதை என்பவர்களுக்கு வந்தனா கட்டாரியாவை நினைவூட்டுகிறோம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி ஏசினார்கள் என்று குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தார்கள். கோல் அடித்தபோது நாட்டின் மகள். தோற்ற அன்றே சாதிக்காரி.

புதுச்சேரி 2018இல் ரஞ்சிக் கோப்பைக்குள் வந்துவிட்டது. நம் தெருவிலிருந்து அந்த மைதானத்துக்கு வழி எங்கே? டென்னிஸ் பந்தில் ஆடுகிற பையன் தோல் பந்துக்கு மாற பேட், பேடு, ஹெல்மெட், பயிற்சிக் கட்டணம் என்று காசு வேண்டும். அவன் அப்பாவின் சம்பளம் அதற்குக் காணாது. சிறப்புக்கூறு நிதியில் நம் குடியிருப்புகளுக்கு விளக்கு வசதியோடு விளையாட்டுத் திடலும் பயிற்சியாளரும் கேட்போம். தேர்வு முகாம் அறிவிப்பு அரசுப் பள்ளிகளின் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும்.

நம் பக்கத்திலும் குறை இருக்கிறது. நாம் ஆட்டம் பார்க்க, அடுப்படியில் நிற்பது அம்மாவும் அக்காவும். திடலில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம்கூட நாம் ஒதுக்கியதில்லை. வந்தனாவுக்குக் கை தட்டினால் மட்டும் போதாது. இந்த ஞாயிறே திடலை அவர்களுக்கு விடுவோம், சோற்றை நாம் வடிப்போம்.

இனி எந்த ஊரிலும் 'காலனி டீம்' என்று மைக்கில் கேட்டால், பேட்டைக் கீழே வைத்துவிட்டு நம் பெயரைச் சொல்லச் சொல்வோம். சொல்லும்வரை அடுத்த பந்து வேண்டாம். இந்த வருடம் நம் தெருக் கோப்பையில் பாலுவின் பெயரைப் பொறிப்போம். பரிசு வாங்கும் பிள்ளை 'யார் இவர்?' என்று கேட்கட்டும். சொல்வதற்கு நாம் இருக்கிறோம்.

ஜெய்பீம்!