வல்லநாட்டு வெளிமான்

குலசேகரன்பட்டினத்தில் ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் வடக்கு நோக்கி வீற்றிருந்து அருள்கின்றனர். தசராவின்போது நேர்த்திக்கடனாக வேடம் தரித்து வரும் அடியார்களுள் காளியும் அரசரும் மட்டுமின்றி, குரங்கும் கரடியும் உண்டு. விலங்கின் உருவத்தையும் வழிபாடாக ஏற்றுக்கொள்பவள் அன்னை. அவளைத் தரிசித்துத் திரும்பும் குடும்பத்தார் வழியில் இறங்கிக் காணத்தக்க உயிரொன்று இம்மாவட்டத்திலேயே வாழ்கிறது.

திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து திருநெல்வேலி நெடுஞ்சாலையில் திரும்பினால் வல்லநாடு வரும். அங்குள்ள குன்றும் முட்புதர்க் காடும் 1987ஆம் ஆண்டு வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களுள் தென்கோடியில் அமைந்தது இதுவே. ஆண்மானுக்கு வயது ஏற ஏற மேனி கறுக்கும். முறுக்கிய நீண்ட கொம்புகள் உண்டு. பெண்மான் இளம்பழுப்பு நிறத்தது, பெரும்பாலும் கொம்பில்லாதது. அச்சமுற்று ஒன்று துள்ளினால், கூட்டமே அடுத்தடுத்துத் துள்ளும்.

சிவபெருமான் திருக்கரத்தில் மழுவோடு மானும் இருப்பதை நாள்தோறும் காண்கிறோம். உபநயனத்தில் பிரம்மசாரிக்கு அணிவிக்கப்படும் கிருஷ்ணாஜினம் இந்தக் கருமானின் தோலே. யாக்ஞவல்கிய ஸ்மிருதியோ, கருமான் உலவும் நாட்டையே தர்மம் விளங்கும் நாடாகக் கொள்கிறது. அங்கே அடையாளமாகச் சொல்லப்பட்டது தோல் அன்று. உயிரோடு உலவும் மான். மான் அற்றுப்போன மண்ணில் அதன் தோலை மட்டும் விரித்து அமர்வதால் என்ன பயன்?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வேட்டையாடுவதும் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம். பூஜைக்கென்று எவரேனும் மான்தோல் கொண்டுவந்தால் பெரியவர்கள் உறுதியாக மறுத்துவிட வேண்டும். ஜபத்திற்குத் தருப்பாசனம் போதும்.

காலையிலோ மாலையிலோ வனத்துறையினரிடம் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். கட்டுச்சோற்றில் மிஞ்சியதை மானுக்கு இடுவது புண்ணியமாகத் தோன்றலாம். புல் மேயும் வயிற்றுக்கு அது தீங்கு. நெகிழிப் பையை அங்கே விட்டுவருவது அதனினும் பெருந்தீங்கு. கர்ப்பக்கிருகத்தின் முன் நிற்பதுபோலத் தொலைவில் ஓசையின்றி நில்லுங்கள். பேரப்பிள்ளைகள் பொறுமையிழந்தால், ஈசன் கையிலுள்ள மானின் கதையை மெல்லிய குரலில் சொல்லுங்கள். மான் தென்படாத நாளும் உண்டு. அது அச்சமின்றிப் புதருக்குள் படுத்திருக்கிறது என்று எண்ணி மனநிறைவோடு திரும்புவதும் ஒரு வழிபாடே.