தராசில் ஏறாத பள்ளிகள்

போன வருஷம் ஒரு நாள் காலை, நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் பள்ளி மைதானம் ஒன்றில் விசில் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். மாணவிகளுக்கான குறுவட்ட விளையாட்டுப் போட்டி. ஒரு பக்கம் கபடி, இன்னொரு பக்கம் கோ-கோ. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை?

கபடியில் தோற்று வெளியே வந்த ஏழு பெண்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் கோ-கோ களத்துக்குப் போனார்கள். முட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. அங்கே அவர்களை எதிர்த்து ஆட வந்தது ஒரு பெரிய தனியார் பள்ளி. அவர்களுக்குக் கபடிக்கு ஓர் அணி, கோ-கோவுக்கு வேறோர் அணி, இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர். வாசலில் அவர்களுடைய மஞ்சள் பேருந்துகள் நின்றன. இந்தப் பெண்கள் டவுன் பஸ்ஸில் வந்தவர்கள்.

அவர்களை அழைத்து வந்த பி.டி. வாத்தியார் என் பக்கத்தில் வந்து நின்றார். பெரியநாயக்கன்பாளையம் மாருதி உடற்கல்விக் கல்லூரியில் படித்தவராம். "என்னங்கய்யா பண்றதுங்க, அந்த வயசுக்கு எங்க பள்ளிக்கூடத்துல இருக்கறதே பதிமூணு புள்ளைங்கதானுங்க. கோ-கோவுக்குப் பன்னண்டு பேரைக் குடுக்கோணும். மிச்சம் ஒருத்தி. அவளுக்கு வீசிங் வேறீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு இது புதிதல்ல. புதுச்சேரி 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த சமயம், அங்கே பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த சின்னப் பையன் நான். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைவு. கால்பந்துக்குப் பதினோரு பேர் சேராததால், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட என்னைக் கொண்டுபோய்க் கோலில் நிறுத்தினார் எங்கள் முஸ்யே. ஒன்பது கோல் வாங்கினேன். பத்தாவது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதை நான் தடுத்ததாகத்தான் வீட்டில் சொன்னேன்.

கபடியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் பிள்ளையைத் தராசில் ஏற்றி எடை பார்ப்பார்கள். ஐந்து கிலோ கூடுதலாக இருப்பவன் இளைத்தவன் மேல் விழுந்தால் நியாயமில்லை என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் அவன் படிக்கும் பள்ளியை யாரும் தராசில் ஏற்றுவதில்லை. 80 பிள்ளைகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியும், 3,000 பேர் படிக்கும் பள்ளியும் ஒரே குலுக்கல் சீட்டில் வருகின்றன. முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளிகளைக் கூட்டி, கடைசியில் ஒட்டுமொத்த சாம்பியன் கேடயம் கொடுக்கிறார்கள். ஆள் அதிகம் உள்ள பள்ளிக்கு அது போகும் என்று காலையிலேயே சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை பல காலமாக நடக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்துக்குப் பல ஆண்டுகள் 14 எடைப் பிரிவுகள் இருந்தன. சின்னப் பள்ளிக்கு எல்லா எடைக்கும் ஆள் கிடைக்காது. ஆள் இல்லாத எடையில் ஆடாமலே புள்ளி எதிரிக்குப் போய்விடும். அதனால் பல மாநிலங்கள் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்துவிட்டன.

பிரிக்கக் கூடாது என்பவர்களும் அங்கே உண்டு. அவர்கள் காட்டும் உதாரணம் இண்டியானா மாநிலத்து மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி. 161 பேர் மட்டுமே படித்த அந்தப் பள்ளி 1954-ல் மன்ஸி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32–30 என்று வென்று மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தைத் தூக்கியது. அதை வைத்து சினிமாவே எடுத்தார்கள். அதே இண்டியானா 1997-ல் கூடைப்பந்துப் போட்டியை நான்கு வகுப்பாகப் பிரித்தபோது பழைய ஆட்கள் மிகவும் வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் எப்போதோ ஒரு தரம் நடந்ததால்தானே சினிமா எடுத்தார்கள்?

தனிநபர் போட்டிகளைப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூறு மீட்டரைக் கால்தான் ஓடுகிறது, வருகைப் பதிவேடு ஓடுவதில்லை. சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பனை அடையாளம் கண்டவர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். 2016-ல் ரியோவில் பாராலிம்பிக் தங்கம் வந்தது. என் வழக்கு குழு விளையாட்டுகளையும் அந்தக் கேடயத்தையும் பற்றியது மட்டும்.

விளையாட்டுதானே, தோற்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, காகிதத்தோடு வாழ்ந்த குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் இருக்கிறது. தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியதற்கான சான்றிதழ் படிவம் 4. அதற்குப் போகும் ஏணியில் முதல் படி குறுவட்டம், அடுத்தது வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். முதல் படியிலேயே பன்னிரண்டு பேர் சேராத பள்ளிப் பெண்ணுக்கு மேலே உள்ள படிகள் கண்ணிலேயே படாது.

படிப்பில் இதை நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் என்று 2020-ல் சட்டம் வந்தது. பரீட்சைக்குப் பொருந்தும் நியாயம் மைதானத்துக்கு ஏன் பொருந்தாது? பிரான்சில் விளையாட்டுக்கென்றே தனிப் பிரிவு நடத்தும் பள்ளிகளுக்கு 'எக்ஸெலான்ஸ்' என்று தனிப் போட்டி. மற்றப் பள்ளிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும்.

இதற்குப் புதிய கமிட்டி எதுவும் வேண்டாம். ஆகஸ்டு முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடமே நிர்ணயம் செய்கிறார்கள். அந்தப் பட்டியல் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கிறது. நடுவில் ஒரு கோடு போட்டு, குழு விளையாட்டுகளைக் குறுவட்டத்தில் இரண்டு பிரிவாக நடத்தி, இரண்டு பிரிவிலும் ஜெயித்தவர்களை மாவட்டத்துக்கு அனுப்பலாம். பக்கத்துப் பக்கத்துச் சின்னப் பள்ளிகள் இரண்டு சேர்ந்து ஓர் அணி கொடுக்கவும் அனுமதிக்கலாம். அமெரிக்காவில் அப்படி உண்டு. கோட்டை 250-ல் போடுவதா 400-ல் போடுவதா என்பதை மைதானத்தில் நிற்கும் பி.டி. வாத்தியார்களைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

அன்றைக்குக் கோ-கோவிலும் அந்தப் பெண்கள் தோற்றார்கள். மதியம் எறிபந்து இருந்தது. அதற்கும் அவர்களேதான். வாத்தியார் தன் பையிலிருந்து ஆளுக்கொரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீசிங் உள்ள பெண் ஓரமாக உட்கார்ந்து எல்லாருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.