ஆறு ஃபைல், ஒரே தேதி!

"ஏம்மா, 2024-ல எங்க ஜூன் 12-ல தண்ணி விட்டாங்க? ஆடிப்பெருக்குக்கு அஞ்சாறு நாளைக்கு முன்னாடிதானே மேட்டூரையே திறந்தாங்க?"

நாச்சியார்கோவில் பக்கம் விவசாயம் பார்க்கும் பெரியப்பா போனில் இப்படிக் கேட்டபோது, என் கட்டுரை வெளியாக அரை மணி நேரம்தான் இருந்தது. ஊர்க்காரர் ஒருவர் பார்க்கட்டுமே என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். தலைப்பு, 'டெல்டாவுக்கு ஜூன் 12: ஆறு வருஷமாகத் தவறாத தேதி!'

இந்தத் தலைப்பு நான் யோசித்ததல்ல, கம்ப்யூட்டர் கொடுத்த பதில். 2020 முதல் 2025 வரை மேட்டூர் அணையின் தினசரி நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒரு ஃபைலாகத் தட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, பாசனத்துக்கு முதலில் தண்ணீர் விட்ட நாளைக் கண்டுபிடிக்க பைத்தானில் ஒரு லூப் எழுதினேன். ஓடி முடித்து 'ஜூன் 12' என்றது. சிவப்பில் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. ஆறு வருஷத்துக்கும் அதே தேதிபோல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

லூப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. 2020-ஐத் திறந்தது, தேதியைக் கண்டுபிடித்தது, 'திறந்த நாள்' என்று நான் வைத்திருந்த பெட்டியில் போட்டது. அடுத்து 2021. அதே பெட்டி. புதுத் தேதி உள்ளே போனதும் பழையது காலி. இப்படியே போய், கடைசியாக மிஞ்சியது 2025-இன் தேதி மட்டும். அந்த வருஷம் நிஜமாகவே ஜூன் 12-ல் திறந்தார்கள். கடைசி ஃபைல் 2024-ஆக இருந்திருந்தால் 'ஜூலை 28' என்று வந்திருக்கும், அப்போதே முழித்திருப்பேன். பார்க்கச் சரியாக இருந்த பதில்தான் என்னைக் கவிழ்த்தது.

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரக்காலில் அளந்ததைச் சாக்கில் கொட்டிவிட்டுத்தான் அடுத்ததை அள்ளுவார்கள். என் லூப்பில் மரக்கால் இருந்தது, சாக்கு இல்லை.

சாக்கு என்பது ஒரு காலி லிஸ்ட். லூப் தொடங்கும் முன்பே, அதற்கு வெளியே அதை வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் தேதியை அதில் அப்பெண்ட் செய்ய வேண்டும். பதற்றத்தில் நான் அந்தக் காலி லிஸ்ட்டையும் லூப்புக்கு உள்ளேயே எழுதிவிட்டேன். சுற்றுக்கு ஒரு புதுச் சாக்கு, மறுபடியும் ஒரே வரி! வெளியே எடுத்து வைத்ததும் ஆறு தேதிகள் வந்தன. ஆனால், எது எந்த வருஷம் என்று தெரியவில்லை. ஃபைல் பெயரையும் சேர்த்துப் போட்ட பிறகுதான் பட்டியலாக நின்றது. (நடுவில் ஒரு ஃபைலில் 12/06 என்பதை அமெரிக்கப் பழக்கத்தில் டிசம்பர் 6 என்று படித்து வைத்தது. அது தனிக் கூத்து.)

எங்கள் கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு இருக்கிறது. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில்தான் கணக்குப் போடுவாராம். முழங்கையாலேயே அழிப்பாராம். வழிமுறைகள் அழிந்தன. ஆனால், கிடைத்த விடையை நோட்டில் ஏற்றிவைத்தார். அந்த நோட்டுகளில் இருந்தவற்றை நிரூபித்து, புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். நோட்டு இல்லாமல் முழங்கை மட்டும் வேலை செய்திருந்தால் அவர் எதை நிரூபித்திருப்பார்? எனக்கு அன்றைக்கு முழங்கை மட்டும்தான் இருந்தது.

திருத்திய பட்டியலில் 2020, 2021, 2023, 2025 நான்கும் ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்திருக்கிறார்கள். 2024-ல் ஜூலை 28. என் லூப் விழுங்கிய இந்த இரண்டு வருஷமும்தான் உண்மையான செய்தி. ஜூன் 12-ஐ நம்பித்தான் இங்கே குறுவைக்கு நாற்று விடுவார்கள். ஒன்றரை மாதம் தள்ளிப்போனால், போர் வைத்திருப்பவர்கள்தான் குறுவை போட முடியும்.

"எங்க போருதான் அப்பவே இறங்கிடுச்சே. அந்த வருஷம் நாங்க குறுவையே போடல, நேரா சம்பாதான்" என்றார் பெரியப்பா. அவரைப் போய் 'தவறாத தேதி' என்று படிக்க வைத்திருக்கிறேன்.

தலைப்பை மாற்றி, பட்டியலைப் புது ஃபைலாகச் சேமித்து மறுபடியும் அவருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஒரு தடவைகூட ஜூன் 12-ல திறக்கல. அதையும் போடு. டைரி எங்கிட்ட இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், எட்டு ஃபைல் தட்ட.