கல்லும் கணக்கும்

பழைய கட்டிடம் ஒன்று இடிந்து வீழ்ந்தால் நாம் மழையையும் காலத்தையும் நொந்துகொள்கின்றோம். உண்மையிற் பல பழங்கட்டிடங்களை வீழ்த்துவது மழையன்று, கணக்கேயாகும். ஒழுகும் கூரையை மாற்றுவதற்கு ஆகும் செலவையும், இடித்துவிட்டுப் புதிது கட்டினால் வரக்கூடிய வருவாயையும் உடைமையாளர் ஒரே தாளில் எழுதிப் பார்க்கின்றார். பழமை தோற்றுவிடுகின்றது. இக்கணக்கை அரசு மாற்றி எழுத இயலுமா என்பதையே இவ்வாரம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

இயலும் என்று காட்டிய நாடு அமெரிக்கா. 1966இல் அந்நாடு பழஞ்சின்னங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஆயினும் அக்காலத்து வரிச் சட்டமோ புதிது கட்டுவோருக்கே சாதகமாயிருந்தது. ஒரு கை காக்க, மறு கை இடித்தது எனலாம். 1976ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தம் இம்முரண்பாட்டைக் களையத் தொடங்கிற்று. 1986 முதல், வரலாற்றுச் சிறப்புடையதெனச் சான்று பெற்ற கட்டிடத்தை முறைப்படி புதுக்குவோருக்குச் செலவில் 20 வீதம் வரிக்கழிவாகக் கிடைக்கின்றது.

மாணவர்கள் ஒன்றை இங்கு நன்கு கவனித்தல் வேண்டும். இது வருமானத்திலிருந்து கழிக்கப்படுவதன்று. செலுத்த வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிக்கப்படுவது. நூறு இலட்சம் செலவிட்டவர் இருபது இலட்சத்தை வரியிற் குறைத்துக்கொள்வார். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதனை ஆண்டுக்கு நான்கு இலட்சமாக ஐந்து ஆண்டுகளிற் பெறுவார். நிபந்தனைகளும் உண்டு. கட்டிடம் வருவாய் தருவதாக இருத்தல் வேண்டும். வேலை பெரியதாகவும், பழைய தோற்றத்தைக் கெடுக்காததாகவும் இருத்தல் வேண்டும். முடித்த ஐந்தாண்டுக்குள் விற்றுவிட்டால் பெற்ற சலுகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டவேண்டும். தாம் குடியிருக்கும் வீட்டுக்கு மத்திய அரசின் கழிவு கிடையாது. எனினும் மாநிலங்கள் சில அதற்கும் வழி செய்துள்ளன.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். திம்புள்ளப் பள்ளத்தாக்கு முதலிற் கோப்பி விளைந்த பூமி. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. புகைவண்டிப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை எங்கும் துரைமார் பங்களாக்களும், கொழுந்தை வாட்டுவதற்கான மேன்மாடிகளில் வரிசை வரிசையாய்ச் சன்னல்கள் வைத்த தொழிற்சாலைகளும், கருங்கற் கோயில்களும் எழுந்தன. இவை வெறுங் கட்டிடங்கள் அல்ல. ஒரு நூற்றாண்டின் வரவு செலவு ஏடுகள்.

இவற்றுட் சில, புதிய பயன் பெற்றதனாற் பிழைத்திருக்கின்றன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை 1996இல் விடுதியாயிற்று. கண்டிக்கு அண்மையில் ஹந்தானைத் தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகம் ஆயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாசப் பயணிகளை வரவேற்கின்றன. வருவாய் வரும் இடத்திற் கூரை ஒழுகுவதில்லை என்பது இவற்றால் விளங்கும்.

ஆனால் வருவாய் ஒன்றே அளவுகோலாகுமா? நுவரெலியாவில் 1894இற் கட்டப்பட்ட செங்கல் அஞ்சலகத்தை யாவரும் அறிவர். அதனை விடுதித் தொழிலுக்குக் கையளிக்கும் முயற்சியை எதிர்த்து 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏழையும் முத்திரை வாங்க நுழையும் கட்டிடம் அது. சுவர் அப்படியே நிற்க, வாசல் மட்டும் சிலருக்கு உரியதாகிவிட்டாற் காக்கப்பட்டது எது?

சட்டத்தின் கை வெறுங்கையன்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒரு கட்டிடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமெனப் பிரகடனம் செய்யலாம். ஆயின் இடிக்காதே என்னும் தடை, இடிவதைத் தாமதப்படுத்துமேயன்றி ஓட்டைத் தகரத்தை மாற்றித் தராது. ஆதலால் அமெரிக்க முறையை ஒத்த வரிக்கழிவு நம் நாட்டுக்கும் தகுமென்றே நாம் கருதுகின்றோம். ஆனால் அதை அப்படியே பெயர்த்து நடுவதற்கு முன் இரண்டு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்.

முதலாவது, கழிவு யாருக்குப் பயன்படும்? வரி கட்டுகின்றவருக்கே வரிக்கழிவு பயன்படும். பெருந்தோட்ட நிலம் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயிற்று. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தது. பங்களாவைப் புதுக்கும் கம்பனிக்குக் கழிக்க வரியுண்டு. லயத்திற் குடியிருக்கும் குடும்பத்துக்குக் கழிக்க வரியும் இல்லை, புதுக்கச் சொந்தச் சுவரும் இல்லை.

இரண்டாவது, எது வரலாறு? பங்களாவுக்குக் கல் சுமந்தவர் யார், தொழிற்சாலைக்குக் கொழுந்து சுமந்தவர் யார் என்று கேட்டால், விடை 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் இருக்கின்றது. அரசு விட்டுக்கொடுக்கும் வரி பொதுமக்கள் பணமே. அப்பணத்தால் துரையின் கணப்படுப்பு மட்டும் காக்கப்பட்டு, தொழிலாளியின் அடுப்படி தடமின்றி அழியுமாயின், அது வரலாற்றைப் புதுப்பித்தல் ஆகாது. ஒரு பக்கத்தைக் கிழித்தெறிதலே ஆகும்.

லயங்களில் மக்கள் தொடர்ந்து வாழவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது கொடுமை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிவீடும் காணியுறுதியும் கிடைத்தல் வேண்டும். இந்திய உதவியுடன் எழும் வீடுகள் அவ்வழியிற் சென்றாலும், செல்லவேண்டிய தூரம் இன்னும் மிகுதி. மக்கள் புதுவீடு புகுந்த பின், பகுதிக்கு ஒரு லயத்தையேனும் பிரட்டுக்களத்துடனும் பிள்ளைக்காம்பராவுடனும் சேர்த்துக் காத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. இது கனவன்று. கம்பளைக்கு அண்மையில் பழைய லயமொன்றிலே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இயங்குகின்றது.

எனவே வரிக்கழிவு வழங்கும் நாள் வருமாயின், அதில் ஒரு நிபந்தனை எழுதப்படட்டும்: பங்களாவையோ தொழிற்சாலையையோ புதுக்கிச் சலுகை பெறும் நிறுவனம், அதே தோட்டத்துத் தொழிலாளர் சின்னமொன்றையும் புதுக்கி ஊருக்குத் திறந்துவிடல் வேண்டும். வரி கட்டாத சங்கங்களுக்கும் கோயிற் சபைகளுக்கும் கழிவுக்கு ஈடாக நேரடி மானியம் கொடுக்கப்படல் வேண்டும்.

சட்டம் வரும்வரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டிடத்துக்குச் சான்று கேட்கும் நாளிற் கைகொடுப்பது பதிவு ஒன்றே. உங்கள் தோட்டத்து லயத்தின் நீள அகலத்தை அளவுநாடா கொண்டு அளந்து வரைபடம் எழுதுங்கள். எந்தக் காம்பராவில் எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்பதைப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, ஆண்டுடன் குறித்து வையுங்கள். முதியவர் நினைவுக்கும் தகரக் கூரைக்கும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் இருக்கும்போதே எழுதிவிடுதல் நன்று.